பகடை பொய் சொல்லுமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை முழுக்க ஸ்ட்ராட்டஜி கேம்கள், அதாவது யோசித்துக் காய் நகர்த்தும் கம்ப்யூட்டர் விளையாட்டுகள். வந்த கேள்விகளில் பாதி 'கம்ப்யூட்டர் ஏமாற்றுகிறது' என்ற ரகம், மீதி 'கம்பெனி ஏமாற்றுகிறது' என்ற ரகம். இரண்டையும் கலந்தே எடுத்திருக்கிறேன். தோற்ற கதையைச் சொல்லிவிட்டுப் பெயர் போட வேண்டாம் என்று பலர் கெஞ்சியிருப்பதால் எல்லோருக்கும் புனைபெயர்தான்.

கேள்வி: எக்ஸ்காம் ஆடுகிறேன் சார். ஏலியன் பக்கத்திலேயே நிற்கிறது, துப்பாக்கி முனை அதன் மூக்கில் இடிக்கிறது, திரையில் 95% என்று காட்டுகிறது. சுட்டால் குறி தவறுகிறது. ஒரு நாள் இல்லை, தினமும். அந்த நம்பர் பொய்தானே? – குறி தவறியவன்

சில கேம்களில் பொய்தான். ஆனால் பொய் உங்கள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 95% என்றால் இருபதுக்கு ஒன்று தவறும். அப்படி இருபது தடவை சுட்டால் ஒன்றாவது தவறுவதற்கான வாய்ப்பு கிட்டத்தட்ட 64%. ஒரு சாயங்காலம் முழுக்க ஆடுகிறவர் இருபது தடவை சுடாமலா இருப்பார்? ஆகவே தினமும் தவறுவதுதான் நியாயமான கணக்கு. ஒருநாளும் தவறவே இல்லை என்றால்தான் சந்தேகப்பட வேண்டும்.

நம் மூளை 95-ஐ 100 என்றே படித்துக்கொள்கிறது, இது கேம் செய்கிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் எக்ஸ்காம் 2-இல், எளிதான லெவல்களில், நீங்கள் அடுத்தடுத்துத் தவறவிட்டால் அடுத்த குறிக்கு ரகசியமாகக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கிறார்கள், திரையில் அது தெரியாது. ஃபயர் எம்பளம் வரிசையில் இன்னும் சாமர்த்தியம்: 2002-இல் வந்த பாகம் தொடங்கிப் பல பாகங்களில் ஒரு எண்ணை உருட்டுவதற்குப் பதில் இரண்டை உருட்டிச் சராசரி எடுக்கிறார்கள். சராசரி என்பது எப்போதும் நடுவை நோக்கியே வரும் என்பதால், திரையில் 90 என்று இருந்தால் உள்ளே ஏறத்தாழ 98. எதிரிக்கு 10% என்று காட்டினால் உண்மையில் 2%தான். நமக்கு நல்ல குறியும் எதிரிக்கு மோசமான குறியும் அமையும்படிதான் நாம் பெரும்பாலும் காய் நகர்த்துகிறோம், ஆக இந்தப் பொய்யில் லாபம் நமக்குத்தான்.

ஒரு நாகரிகத்தை ஆதியிலிருந்து வளர்க்கும் சிவிலைசேஷன் கேமை உருவாக்கிய சிட் மையர் 2010-இல் கேம் டெவலப்பர்கள் மாநாட்டில் இதையே ஒரு பேச்சாகப் பேசினார். சிவிலைசேஷன் ரெவல்யூஷனை ஆடிப் பார்த்தவர்கள் 3-க்கு 1 என்று தங்கள் பக்கம் பலம் இருக்கும்போது தோற்றால் 'இது தப்பு' என்றார்களாம். தாங்கள் 1-க்கு 3 என்று இளைத்திருந்து ஜெயித்தபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. இன்னொரு வேடிக்கை, 2-க்கு 1 என்றால் எப்போதாவது தோற்பதை ஒப்புக்கொண்டவர்கள் 20-க்கு 10 என்றால் ஒப்புக்கொள்ள மறுத்தார்கள். விகிதம் ஒன்றுதான், ஆனால் 'பத்து அதிகமாச்சே!' கடைசியில் சண்டைக் கணக்கை மனிதர்களுடைய கோணலுக்கு ஏற்ப வளைத்தார்கள்.

நானும் ஒரு தடவை நோட்டு வைத்துக் கோடு போட்டு எண்ணினேன், 80%-க்கு மேல் காட்டியவை மட்டும். மூன்றாவது மிஷனோடு நிறுத்திவிட்டேன். குறி சரியாக விழுந்ததற்கான கோடுகள் அசிங்கமாக அதிகம் இருந்தன, இன்னும் எண்ணினால் திட்டுவதற்குக் காரணமே இல்லாமல் போய்விடும் போல் இருந்தது.

கேள்வி: சிவிலைசேஷன் 6-இல் கடைசி லெவலான டீயிட்டியில் கம்ப்யூட்டர் திருடுகிறது. நான் ஒரு நகரம் கட்டுவதற்குள் அவன் மூன்று கட்டிவிடுகிறான். செஸ்ஸில் மனிதனை ஜெயிக்கிற காலத்தில் திருடாத ஏஐ ஒன்றைச் செய்ய முடியாதா? – ஒற்றை நகர ராஜா

திருடுகிறது, ஒளிவுமறைவில்லாமல். டீயிட்டியில் எதிராளிக்கு ஆரம்பத்திலேயே மூன்று செட்லர்கள் (புது நகரம் அமைக்கிற ஆட்கள்), உங்களுக்கு ஒன்று. உற்பத்தியிலும் தங்கத்திலும் 80% கூடுதல், அறிவியலில் 32%, ஒவ்வொரு சண்டையிலும் 4 புள்ளி பலம் இலவசம். பிரின்ஸ் என்ற லெவலில்தான் இந்தச் சலுகை எதுவும் இல்லை. அங்கே ஆடிப் பார்த்தால் அதன் மூளை எவ்வளவு என்று தெரியும்: வில்லாளியை முன்வரிசையில் நிறுத்திவிட்டு வாள்காரனைப் பின்னால் காவல் வைக்கிற ரகம். படிப்பு வராத பையனுக்கு மார்க் போட்டுத் தேற்றுவது போல, மூளை இல்லாத இடத்தில் காசைக் கொட்டியிருக்கிறார்கள்.

உண்மையான மூளை செய்ய முடியுமா என்றால், செய்து காட்டினார்கள். கூகுளைச் சேர்ந்த டீப்மைண்ட் உருவாக்கிய ஆல்ஃபாஸ்டார் என்ற ஏஐ, ஸ்டார்கிராஃப்ட் 2 என்ற போர் கேமில் டிஎல்ஓ, மானா என்ற இரண்டு தொழில்முறை ஆட்டக்காரர்களை ஆளுக்கு ஐந்துக்கு ஐந்து வென்றது; 2018 டிசம்பரில் நடந்த அந்த ஆட்டங்களை 2019 ஜனவரியில் வெளியே காட்டினார்கள். 14 நாள் பயிற்சியில் சுமார் 200 வருட ஆட்டத்துக்கு நிகரான அனுபவம். 2019 கடைசியில், தரவரிசையில் ஆடுகிறவர்களில் 99.8% பேருக்கு மேலே போய் உட்கார்ந்தது.

ஆனால் மானாவுடன் நேரலையில் நடந்த கடைசி ஆட்டம் ஒன்று இருக்கிறது, எனக்குப் பிடித்தது அதுதான். அதில் மனிதனைப் போலவே கேமராவை நகர்த்தித்தான் பார்க்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டிருந்தார்கள். மானா ஒரு பறக்கும் வண்டியில் இரண்டு வீரர்களை ஏற்றிக்கொண்டு போய் எதிராளியின் கொல்லைப்புறத்தில் இறக்குகிறார். ஆல்ஃபாஸ்டாரின் மொத்தப் படையும் பாதி வழியிலிருந்து திரும்பி ஓடி வருகிறது. ஏற்றிக்கொண்டு விலகுகிறார், படை மறுபடி முன்னே போகிறது. மறுபடி இறக்குகிறார், மறுபடி ஓடி வருகிறது. அத்தனை வருட அனுபவத்தையும் ஒரு வண்டியை வைத்துக்கொண்டு அலைக்கழித்து, அந்த ஆட்டத்தை மானா ஜெயித்தார்.

சரி, அப்படி ஒன்றை ஏன் சிவிலைசேஷனில் வைப்பதில்லை? செலவு ஒரு காரணம். கேம் விற்பனைக்கு வந்த பிறகும் விதிகளை மாற்றிக்கொண்டே இருக்கிறார்கள், ஒவ்வொரு மாற்றத்துக்கும் அதை மறுபடி உட்காரவைத்துப் படிக்கவைக்க வேண்டும். அதைவிடப் பெரிய காரணம், அது வந்தால் உங்களுக்குப் பிடிக்காது. நம் எதிரில் உட்காருகிற ஏஐயின் வேலை அழகாகத் தோற்பது. கோபப்பட வேண்டும், மிரட்ட வேண்டும், ஒப்பந்தத்தை மீறி வந்து அடிக்க வேண்டும், கடைசியில் மண்ணைக் கவ்வ வேண்டும். இதைச் செய்கிற நடிகன் கிடைப்பது செஸ் சாம்பியன் கிடைப்பதைவிடக் கஷ்டம்.

கேள்வி: முதல் சிவிலைசேஷனில் காந்தி அணுகுண்டு போட்டது புரோகிராம் பிழையால்தான் என்று படித்தேன். உண்மையா? – வரலாறு பிடிக்கும்

கேட்கச் சுவையான கதை. காந்தியின் ஆக்ரோஷம் 1, ஜனநாயகத்துக்கு மாறினால் 2 குறையும், மைனஸ் 1 என்பதை 0 முதல் 255 வரை மட்டுமே கொள்ளும் அந்தக் கால எட்டு பிட் எண்ணில் வைக்க முடியாமல் அது 255 ஆகிவிடும், காந்தி குண்டு போடுவார். கம்ப்யூட்டர் வகுப்பில் உதாரணமாகச் சொல்லும் அளவுக்குக் கச்சிதம்.

நடக்கவே இல்லை. அப்படி ஒரு பிழை இருந்ததில்லை என்று சிட் மையரே 2020-இல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் எழுதிவிட்டார். 1991-இல் வந்த அந்த கேமில் காந்தியும் மற்றவர்களைப் போல எப்போதாவது குண்டைக் காட்டி மிரட்டுவார், மிரட்டுவது காந்தி என்பதால் நமக்கு அது மறக்கவில்லை, அவ்வளவுதான். பிறகு 2010-இல் வந்த ஐந்தாம் பாகத்தில் வடிவமைப்பாளர் ஜான் ஷேஃபர் குறும்பாக, பத்துக்குள் போட வேண்டிய அணு ஆயுத ஆசையைக் காந்திக்கு 12 என்று போட்டு வைத்தார். ஆக பிழை கட்டுக்கதை, கேலி நிஜம்.

கேள்வி: ஆர்டிஎஸ் செத்துவிட்டதா? – பழைய கை

ஆர்டிஎஸ் என்றால் ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி: முறை வைத்து ஆடாமல், எல்லாம் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் போர் கேம். இதை இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1992-இல் வெஸ்ட்வுட் செய்த டியூன் 2 அச்சு வார்த்துக் கொடுத்தது: வளம் அள்ளு, கட்டடம் கட்டு, படை திரட்டு, அடி. அதே அச்சில் வார்கிராஃப்ட், கமாண்ட் அண்ட் காங்கர், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ஸ்டார்கிராஃப்ட் என்று 1998-க்குள் எல்லாம் வந்துவிட்டன. அப்புறம் நடந்ததைச் சாவு என்று சொல்ல மாட்டேன், பாகப்பிரிவினை என்று சொல்வேன். அந்த ஒரே வீட்டில் மூன்று விதமான ஆட்கள் குடியிருந்தார்கள். அமைதியாகச் சுவர் கட்டி வயல் போட்டு ஊரை அழகு பார்க்கிறவர் ஒருவர், ஒரே ஒரு வீரனை வைத்துக்கொண்டு சண்டையில் கைவேகம் காட்டுகிறவர் ஒருவர், இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிற அபூர்வப் பிறவி ஒருவர். 2002-இல் வந்த வார்கிராஃப்ட் 3-க்குள் ஆட்டக்காரர்கள் தாங்களாகவே செய்துகொண்ட டோட்டா என்ற வரைபடம் இரண்டாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டது. 2009-இல் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ், 2013-இல் டோட்டா 2, கூட்டமும் பணமும் அங்கே. முதல் ஆள் நகரம் கட்டும் கேம்களுக்குப் போனார். மிச்சம் இருப்பவர் மூன்றாமவர், அவர் எண்ணிக்கை எப்போதும் கம்மிதான்.

இதில் கம்பெனிக்காரர்களின் பாடம் ஒன்று இருக்கிறது, அவர்கள் அதைத் தலைகீழாகப் படித்தார்கள். 2020-இல் வார்கிராஃப்ட் 3-ஐ ரீஃபோர்ஜ்ட் என்று புதுப்பித்து வெளியிட்டபோது, ஆட்டக்காரர்கள் செய்யும் வரைபடங்களெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்தார்கள். அடுத்த டோட்டா கைநழுவிப் போகக்கூடாதாம். இந்த விதியைப் படித்த பிறகு அடுத்த டோட்டாவை அங்கே போய் யார் செய்வார்?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இன் கதையை இதோடு வைத்துப் பாருங்கள். 1999-இல் வந்த கேம், அதைச் செய்த என்செம்பிள் ஸ்டூடியோவை மைக்ரோசாஃப்ட் 2009 ஜனவரியில் மூடிவிட்டது. கேம் அநாதை. ரசிகர்கள் சிலர் சேர்ந்து சும்மா கூடுதல் நாடுகளைச் சேர்த்து ஒரு மோட் (ரசிகர்களே கேமில் சேர்க்கும் மாற்றம்) செய்தார்கள். அது பிடித்துப்போய் 2013-இல் அதுவே அதிகாரபூர்வ விரிவாக்கமாக வந்தது, அதே குழுதான் 2019-இன் டெஃபினிட்டிவ் எடிஷன் வரைக்கும் கொண்டுவந்து விட்டது. இன்றைக்கும் அதற்குப் புது விரிவாக்கங்கள் வருகின்றன. ரசிகர்களைத் திருடர்கள் மாதிரி பார்க்காததால் பிழைத்த கேம்.

கேள்வி: கேம் பிடிக்காவிட்டால் ரீஃபண்ட் கிடைக்கும் என்று தைரியமாக வாங்கினேன். டுடோரியல் முடிவதற்குள் நேரம் போய்விட்டது. என்ன செய்வது? – ஏமாந்த சோணகிரி

ஸ்டீம் என்ற இணைய கேம் கடையில் விதி இதுதான்: வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். 2015-இலிருந்து இருக்கிறது, நல்ல விதிதான், சுட்டுத் தள்ளும் கேமுக்கு. ஸ்ட்ராட்டஜி கேமில் இரண்டு மணி நேரத்தில் வரைபடத்தில் நம் நாடு எது என்று கண்டுபிடித்திருப்போம்.

எல்லா கேமுக்கும் ஆரம்பம் பளபளப்பாகத்தான் இருக்கும், ஏனென்றால் செய்தவர்களும் சோதித்தவர்களும் ஆயிரம் தடவை ஆடிப் பார்த்தது முதல் ஐம்பது டர்ன்தான் (டர்ன் என்றால் மாறி மாறி ஆடுவதில் ஒரு முறை). அழுகல் இருந்தால் கடைசியில் இருக்கும்: நாற்பது நகரத்துக்கு ஒவ்வொன்றாக உத்தரவு போடும் சலிப்பு, ஒரு டர்னுக்கு அரை நிமிடம் காத்திருப்பது, ஜெயித்துவிட்டோம் என்று தெரிந்தும் மூன்று மணி நேரம் இழுக்க வேண்டியது. வாங்குவதற்கு முன் யாராவது இருநூறாவது டர்னில் ஆடும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். விமர்சனங்களில் நூறு மணி நேரத்துக்கு மேல் ஆடிவிட்டு 'வாங்காதே' என்று எழுதியவரைத் தேடிப் படியுங்கள். அந்தக் கோபத்தில் தகவல் இருக்கும்.

கேள்வி: கேமின் விலை கொஞ்சம், டிஎல்சி என்று தனியாக விற்கும் கூடுதல் பகுதிகள் எல்லாம் சேர்த்தால் பல மடங்கு. இது பகல் கொள்ளை இல்லையா அண்ணா? – காலி பர்ஸ்

பாதி கொள்ளை, தம்பி.

யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 வந்தது 2013-இல். பத்து வருடத்துக்கு மேல் அதைத் தீட்டிக்கொண்டே இருந்தார்கள். அத்தனை வருடம் சம்பளம் எங்கிருந்தோ வர வேண்டும், டிஎல்சியிலிருந்து வந்தது. காசு கொடுக்காதவருக்கும் விதி மாற்றங்கள் இலவசமாகக் கிடைத்தன. புதிதாக வருகிறவர் அந்த டிஎல்சி பட்டியலைப் பார்த்ததும் மிரண்டு ஓடுகிறார் என்று தெரிந்ததும் 2021-இல் மாதச் சந்தாவும் கொண்டுவந்தார்கள். அதே கம்பெனி தன் க்ரூசேடர் கிங்ஸ் 2-இன் அடிப்படைக் கேமை 2019-இல் இலவசமாகவே கொடுத்துவிட்டது. இதை நான் கொள்ளை என்று சொல்ல மாட்டேன்.

என் வயிற்றெரிச்சல் வேறு. பெயர் வேண்டாம், ஒரு போர் கேமில் என் படைகளைக் குழுவாகப் பிரித்துத் தானாக எல்லையைக் காக்கச் சொல்லும் பட்டன் ஒன்று தேவைப்பட்டது. தேடினேன், பட்டன் திரையிலேயே இருந்தது, சாம்பல் நிறத்தில். அழுத்தினால் கடைப் பக்கம் திறந்தது. புது நாடு, புதுக் கதை, புதுப் பாட்டு என்று விற்றால் வியாபாரம். கை வலிக்காமல் இருக்க உதவும் பட்டனைப் பூட்டி வைத்துச் சாவியை விற்றால் அது வேறு தொழில்.

முணுமுணுத்து என்ன பயன் என்று கேட்காதீர்கள். 2023 ஆகஸ்டில் டோட்டல் வார்: வார்ஹாமர் 3-க்கு வந்த ஒரு டிஎல்சியில் சரக்கு கம்மி, விலை ஜாஸ்தி என்று ஆட்டக்காரர்கள் கொதித்தார்கள். அதே கம்பெனி அக்டோபரில் கொண்டுவந்த ஃபாரோ என்ற கேமையும் பலர் சீந்தவில்லை. டிசம்பரில் கம்பெனி மன்னிப்புக் கேட்டு, ஃபாரோவின் விலையைக் குறைத்து, ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்து, டிஎல்சிக்கும் கூடுதல் சரக்கு சேர்ப்பதாகச் சொன்னது. வாங்காமல் இருப்பதும் ஒரு காய் நகர்த்தல்தான்.

கேள்வி: மொபைலில் கோட்டை கட்டிப் பக்கத்து ஊரை அடிக்கும் கேமும் ஸ்ட்ராட்டஜிதானே? – கட்டைவிரல் தளபதி

க்ளாஷ் ஆஃப் க்ளான்ஸில் எந்தப் படையை எந்த மூலையில் எப்போது இறக்குவது என்ற மூன்று நிமிடத்தில் நிஜமான மூளை வேலை இருக்கிறது, அதைக் கிண்டல் செய்ய மாட்டேன். ஆனால் கட்டடம் முடியப் பல நாள் காத்திரு, அல்லது ஜெம் வாங்கு என்பதில் எந்தத் தந்திரமும் இல்லை. சிட் மையர் சொன்னதாக ஒரு பிரபல வரையறை உண்டு, கேம் என்பது சுவாரசியமான முடிவுகளின் தொடர் என்று. காத்திருப்பதா காசு கொடுப்பதா என்பது முடிவுதான், சுவாரசியம் கம்பெனியின் கணக்குப்பிள்ளைக்கு.

கேள்வி: வயது 52. கை வேகம் போய்விட்டது, பெரிய கேம்களின் மெனுவைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எதில் ஆரம்பிக்கலாம்? – நிதானமாக வருகிறேன்

இன்டு த ப்ரீச். 2018-இல் வந்தது, எட்டுக்கு எட்டுக் கட்டம், உங்களுக்கு மூன்று இயந்திரங்கள், பெரும்பாலான சண்டைகள் ஐந்து டர்னில் முடிந்துவிடும். அவசரப்படுத்த யாரும் இல்லை.

இதன் அழகு என்னவென்றால், எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறான் என்பதை முன்கூட்டியே அம்புக்குறி போட்டுக் காட்டிவிடும். ஒரு பூச்சி உங்கள் கட்டடத்தைப் பார்த்து நிற்கிறது, அடுத்து அதை இடிக்கும். உங்களிடம் அதைக் கொல்லப் போதிய அடி இல்லை. முதல் நாள் ஆடுகிறவர் இருக்கிற அடியைக் கொடுத்துவிட்டு, கட்டடம் விழுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கொஞ்சம் யோசித்தால், பக்கவாட்டிலிருந்து ஒரு குத்து விட்டால் பூச்சி ஒரு கட்டம் தள்ளிப் போகும், அதன் அடியும் கூடவே ஒரு கட்டம் தள்ளிப் போகும், அந்தக் கட்டத்தில் இன்னொரு பூச்சி நிற்கிறது. உங்கள் டர்ன் முடிகிறது, பூச்சி பூச்சியையே அடிக்கிறது. இருபது நிமிடம் யோசித்து இந்த ஒரு நகர்த்தலைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மேலே முதல் கேள்வி கேட்ட நண்பருக்கும் இதையே சிபாரிசு செய்கிறேன். இதில் உங்கள் குறி தவறவே தவறாது. தோற்றால் யாரைத் திட்டுவது என்பதுதான் பிரச்சினை.

கேள்வி: காசு கொடுத்து வாங்கிய கேம் எனக்குச் சொந்தமா? – சந்தேகப் பிராணி

இல்லை. ஆட அனுமதி வாங்கியிருக்கிறீர்கள். த க்ரூ என்ற கார் கேமின் சர்வரை 2024 மார்ச்சில் மூடினார்கள், தனியாக ஆடுகிறவருக்கும் கேம் போச்சு. அதிலிருந்து கிளம்பிய எதிர்ப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் பத்து லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. நம் வகையில் பார்த்தால், 2010-இல் ஸ்டார்கிராஃப்ட் 2 வந்தபோதே லேன் வசதியை, அதாவது இணையம் இல்லாமல் பக்கத்துக் கம்ப்யூட்டர்களை இணைத்து ஆடுவதை, எடுத்துவிட்டார்கள். பழைய கமாண்ட் அண்ட் காங்கர் கேம்கள் சிலவற்றின் மூல நிரலை மட்டும் 2020-லும் 2025-லும் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அவற்றை இனி யாராலும் முழுதாக மூட முடியாது. வாங்கும்போது, இணையம் இல்லாமல் ஓடுமா என்று ஒரு வரி பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: 'இன்னும் ஒரு டர்ன்' என்று சொல்லியே விடிந்துவிடுகிறது. வழி உண்டா? – தூங்காத மந்திரி

நூலகம் முடிய மூன்று டர்ன், குதிரைப்படை வர இரண்டு, ஆராய்ச்சி முடிய நான்கு. எல்லாம் ஒரே நேரத்தில் முடிந்தால் நிம்மதியாக எழுந்துவிடுவோம் என்று தெரிந்தே ஒன்றன்மேல் ஒன்று படியும்படி அமைத்திருக்கிறார்கள். எப்போது பார்த்தாலும் ஏதோ ஒன்றுக்கு ஒரு டர்ன்தான் பாக்கி இருக்கும்.

நான் செய்து பார்த்த வழி: ஏதாவது முடிந்த சந்தோஷத்தில் நிறுத்தப் பார்க்காதீர்கள், முடியாது. சலிப்பான வேலையின் நடுவில், பத்து வேலையாட்களுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருக்கும்போது ஐந்தாவது ஆளோடு சேவ் செய்துவிட்டு எழுந்துவிடுங்கள். எனக்குப் பலித்ததா என்று கேட்பீர்கள். இந்தப் பக்கம் இரண்டு நாள் தாமதமாகப் போய்ச் சேர்ந்ததற்குக் காரணம் ஆசிரியருக்குத் தெரியும்.